புது பைப் கசக்க வேண்டியதில்லை

விலை குறைந்த புகையிலை பைப் ஒன்றை வாங்கி, பற்றவைத்து, முகம் சுளித்தவரிடம் எல்லோரும் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: "புதுசு அப்படித்தான் இருக்கும், பத்துப் பதினைந்து தடவை பிடித்தால் சரியாகிவிடும்." பைப் பிடிக்கிறவர்களிடையே இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு மட்டும் அது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. நான் குடியிருப்பது அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில். இங்கே பத்து, பதினைந்து டாலருக்கு விற்கும் சோளக்கட்டை பைப் முதல் நாளே நாக்குக்கு இதமாகப் புகைகிறது. அதைப்போல மூன்று நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கிய பிரையர் மர பைப் வாரக்கணக்கில் கசக்கிறது. புதியது என்பதுதான் கசப்புக்குக் காரணம் என்றால் இரண்டுமே கசந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் "பொறுத்துக்கொள்" என்பதற்குப் பின்னால் யாரோ செய்யாமல் விட்ட வேலை ஒன்று இருக்கிறது. அது என்ன வேலை, வாங்குகிறவர் அதை எப்படி முடித்துக்கொள்ளலாம் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

ஆற்றங்கரை ஊரும் சோளக்கட்டையும்

செயின்ட் லூயிஸிலிருந்து மேற்கே ஐம்பது மைல் போனால், மிசோரி ஆற்றின் தென்கரையில் வாஷிங்டன் என்று ஒரு சின்ன ஊர் வரும். தலைநகரின் பெயரைக் கொண்ட இந்த ஊருக்கு உலகப் புகழ் கிடைத்தது பைப்பால்தான். ஹென்றி டிப்பி என்ற டச்சுக்காரர் இங்கே குடியேறிக் கடைசல் பட்டறை வைத்திருந்தார். 1869இல் உள்ளூர் விவசாயி ஒருவர், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் நடுக்கட்டையைத் தானே குடைந்து செய்த பைப்பைக் கொண்டுவந்து, இதைக் கடைசலில் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டாராம். டிப்பி செய்து கொடுத்தார். அப்புறம் இன்னும் சில பைப்புகளைச் செய்து கடையில் வைத்தார். அவை விற்ற வேகத்தைப் பார்த்து மரவேலையை விட்டுவிட்டு பைப்பிலேயே இறங்கிவிட்டார். கட்டையின் வெளிப்புறப் பள்ளங்களைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போன்ற கலவையால் நிரப்பித் தேய்க்கும் முறைக்கு 1878இல் காப்புரிமை வாங்கினார். 1907இல் நிறுவனத்தின் பெயர் மிசோரி மீர்ஷாம் என்று மாறியது. மீர்ஷாம் என்பது துருக்கியின் எஸ்கிசெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கும் எடை குறைந்த வெள்ளைக் கல். ஐரோப்பியச் செல்வந்தர்கள் அதில் செதுக்கிய பைப்பைத்தான் விரும்பினார்கள். சோளக்கட்டையும் அதே மாதிரி ஈரத்தை உறிஞ்சி, சூடு தெரியாமல் புகைவதால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1920களில் இந்த வட்டாரத்தில் ஒரு டஜன் சோளக்கட்டை பைப் கம்பெனிகள் வரை இருந்தன. இப்போது மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

1945 ஆகஸ்ட் 30ஆம் தேதி ஜப்பானின் அட்சுகி விமானத்தளத்தில் வந்து இறங்கிய ஜெனரல் மெக்ஆர்தர் வாயில் பைப்புடன் நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அது இந்தச் சோளக்கட்டை இனம்தான். வென்ற நாட்டின் தளபதி, விரும்பியிருந்தால் எவ்வளவு உயர்ந்த பைப்பையும் வாங்கியிருக்கலாம். அவர் பிடித்தது இதை.

மலிவான சரக்கு என்று நினைத்து இதன் தயாரிப்பை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. இன்றைய கலப்பின மக்காச்சோளம் மணி பெருக்கவும் கட்டை சிறுக்கவும் வளர்க்கப்பட்டது, அதன் கட்டை பைப்புக்கு உதவாது. அதனால் தடித்த கட்டை தரும் ரகத்தைத் தனியாகப் பயிரிடுகிறார்கள். அறுத்த கட்டையை இரண்டு வருடம் போல உலரவைத்த பிறகுதான் வெட்டவும் குடையவும் எடுக்கிறார்கள். பத்து டாலர் பொருளுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு! இதில் எனக்கு முக்கியமாகப் படுவது உட்புறம். வெளியே பிளாஸ்டரும் மேல்பூச்சும் உண்டு. உள்ளே ஒன்றும் கிடையாது. குடைந்த கட்டை அப்படியே வெறுமையாக இருக்கிறது. புகையிலைக் கங்கு நேராக உலர்ந்த கட்டையைத் தொடுகிறது.

அதிலும் ஒரு சின்னத் தொல்லை உண்டு. சில மாடல்களில் மரத்தண்டின் முனை, புகையிலை போடும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் சில முறை புகையிலை அடிவரை எரியும்போது அந்த முனை கருகி, விறகு எரிகிற வாசனை வரும். சிலர் சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தை மெழுகி, காயவைத்துவிட்டுப் பிடிக்கிறார்கள். நல்ல யோசனை. மெழுகாவிட்டாலும் சில நாளில் முனை கரியாகி வாசனை போய்விடும். இந்த மாநிலத்துக்காரரான மார்க் ட்வைன், புதிய சோளக்கட்டை பைப்பை முதலில் கூலிக்கு ஓர் ஆளிடம் கொடுத்துச் சில வாரம் பிடிக்கச் சொல்லிவிட்டு, பிறகு தண்டை மட்டும் மாற்றித் தான் பிடிப்பார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, இன்றைய சோளக்கட்டைக்கு அந்த ஆள் தேவைப்பட மாட்டார்.

பிரையரில் எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்

பிரையர் வேறு மாதிரி. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்மரத்தின் வேர்மூட்டில் கிழங்கு மாதிரி ஒரு முண்டு உருவாகும். பைப்புக்கு ஏற்ற அளவுக்கு அது வளர முப்பது, நாற்பது வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இத்தாலியின் கலாப்ரியா, பிரான்சின் கோர்சிகா, கிரேக்கம், அல்ஜீரியா என்று பல இடங்களிலிருந்து வருகிறது. 1850களில் பிரான்சின் செயின்ட் குளோத் ஊர்க்காரர்கள் இதில் பைப் கடையத் தொடங்கிய பிறகு மற்ற மரமெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. அடர்த்தி அதிகம், தீயைத் தாங்கும், இலேசில் வெடிக்காது.

ஆனால் வெட்டியெடுத்த முண்டில் சாறும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் நிறைந்திருக்கும். அறுத்த துண்டுகளைப் பல மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துச் சாற்றை வெளியேற்றி, பிறகு மாதக்கணக்கில், நல்ல பட்டறைகளில் வருடக்கணக்கில், நிழலில் உலர்த்த வேண்டும். லண்டனின் டன்ஹில் கம்பெனி இதற்கும் மேலே போய், கிண்ணங்களை எண்ணெயில் ஊறவைத்துச் சூடேற்றி மிச்சச் சாற்றையும் வெளியே கொண்டுவந்தது. அதன் விலையில் பெயருக்கு ஒரு பங்கு இருக்கலாம், இந்த உழைப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

விலையைக் குறைக்க வேண்டிய தொழிற்சாலை இரண்டு இடங்களில் கைவைக்கும். ஒன்று, உலர்த்தும் காலம். இன்னொன்று, மரத்தின் தேர்வு. பிரையர் முண்டுக்குள் மணல் பொத்தல்கள் இருக்கும். அவற்றைப் பட்டி வைத்து அடைத்து, அது தெரியாமலிருக்க முழுக் கிண்ணத்தையும் அடர்ந்த சாயத்தில் முக்கியெடுப்பார்கள். வெளியே பட்டி இருப்பதால் புகைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் முக்கியெடுக்கும்போது சாயம் உள்சுவரிலும் ஏறிவிடுகிறது. கசப்பின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு தூத்துக்குடிக்காரர்.

அண்ணாச்சியின் உப்புத்தாள்

கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். செயின்ட் லூயிஸில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கப்பலில் ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போய்வந்த காலத்தில் பைப் பழகியவர். ஒரு மாலை நான் ஒரு பிரையர் பைப்பை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். ஒரு கடையில் கூடையில் குவித்து வைத்து விற்ற, பெயர் பொறிக்காத இத்தாலிய பைப். கையில் பிடிக்க அருமையாக இருக்கும், வாயில் வைத்தால் வேப்பெண்ணெய்க் கசப்பு. அதை வாங்கியவுடன் அவர் புகையிலையைக் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கிண்ணத்தின் வாயை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். தண்டைக் கழற்றி, அது செருகியிருந்த கழுத்துக்குள் ஊதினார். பஞ்சு சுற்றிய கம்பியான பைப் கிளீனர் ஒன்றைச் சாராயத்தில் நனைத்து உள்சுவரில் தேய்த்து எடுத்தார். வெள்ளைப் பஞ்சு செம்பழுப்பாக வந்தது.

"தம்பி, இது புகையிலக் கறை இல்ல பாத்துக்கோ. வெளிய அடிச்சிருக்க சாயம் உள்ளயும் இருக்கு. நீ இத்தன நாளும் பெயிண்டத்தான் கொளுத்தியிருக்க."

"அண்ணாச்சி, பிடிக்கப் பிடிக்கச் சரியாகிடும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"சரியாவும். எரிஞ்சு தீந்தா சரியாவத்தான செய்யும். அத உன் நாக்குல வச்சு எரிக்கணும்னு என்ன கட்டாயம்?"

அப்புறம் மருமகனின் கருவிப்பெட்டியிலிருந்து நைசான உப்புத்தாளை எடுத்து, ஒரு குச்சியில் சுற்றி, கிண்ணத்தின் உள்சுவரை நிதானமாகத் தேய்க்க ஆரம்பித்தார். விளிம்பில் படாமல், அடியில் அழுத்தாமல், ஒரே சீராக. அரைமணி நேரம் இருக்கும். தேய்ப்பார், தட்டுவார், சாராயத்தில் நனைத்த துணியால் துடைப்பார், வெளிச்சத்தில் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். துணியில் நிறம் ஏறுவது நின்று, உள்ளே இளம்பழுப்பில் வெறும் மரம் தெரிந்ததும் நிறுத்தினார். சாராயம் முழுக்கப் பறந்துபோக ஒரு நாள் விடச் சொன்னார். மறுநாள் அதே புகையிலையை அதே பைப்பில் பற்றவைத்தேன். கசப்பு போய்விட்டிருந்தது. பச்சை மரத்தின் வாடை இலேசாக இருந்தது, அதுவும் சில தடவையில் அடங்கிவிட்டது. பைப் அதேதான், மரம் அதேதான். வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லப்பட்டதை ஒரு உப்புத்தாள் முடித்துவைத்தது.

உட்புறம் கறுப்பாக இருக்கிற எல்லா பைப்பும் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கரித்தூளை ஜெலட்டின் போன்ற ஒன்றில் குழைத்துப் பூசுகிற நல்ல பட்டறைகள் உண்டு. புதிதாகப் பழகுகிறவர் வேகமாக இழுத்துச் சுவரைப் பொசுக்கிவிடாமலிருக்க அது உதவும். ஒரு சிலர் சோடியம் சிலிகேட் கரைசலில் பூசுவார்கள். அதன் ருசி எனக்குப் பிடிக்காது என்றாலும் பாதுகாப்புக்கு நல்லது. பட்டி அடைத்த பொத்தல் உள்சுவரில் இருப்பதை மறைக்கவும் இதே கறுப்புப் பூச்சுதான் பயன்படுகிறது என்பதால், விலை குறைந்த பைப் வாங்குகிறவருக்கு நான் சொல்வேன்: உள்ளே வெறும் மரம் தெரிகிறதை எடுங்கள். மூடிவைத்திருப்பதைவிடத் திறந்து காட்டுவது மேல்.

பழக்குவது யாரை

புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குகிற மாதிரிதான் பைப்பையும் பழக்க வேண்டும் என்று நம்மவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். உள்சுவரில் மெல்லிய கரிப்படிவு ஒன்று உருவாக வேண்டும், அது மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும், ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். இதுவரை சரி. அதற்காகச் சொல்லப்படும் வழிகளில்தான் எனக்கு ஒத்துப்போகாதவை இருக்கின்றன. சுவரில் தேன் தடவு என்பார்கள். தேன் கருகிச் சீக்கிரம் படிவு வருவது உண்மை. அது மென்மையான, சுவரைச் சரியாகப் பிடிக்காத படிவு, உரிந்து விழுகிறது. புகையிலை தானாக விடும் படிவு கெட்டியாக ஒட்டும். முதலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பிப் பிடி, பிறகு பாதி, பிறகு முழுதும் என்பது இன்னொரு வழி. இதில் நியாயம் இருக்கிறது. பலர் அடிப்பகுதிப் புகையிலையை எரிக்காமல் கொட்டிவிடுவதால் அடியில் படிவே வருவதில்லை. ஆனால் கொஞ்சமாகப் போட்ட புகையிலை சீக்கிரம் சூடேறும், புதியவர்களுக்கு அணைந்து அணைந்து போகும், அவர்கள் திரும்பத் திரும்ப நெருப்பு வைத்து இன்னும் சூடாக்குவார்கள். அதைவிட முழுதும் நிரப்பி, அவசரமில்லாமல், அடிச் சாம்பல் வரை எரித்து முடிப்பதே போதும். அடியில் ஈரமாகிவிட்டால் பிடிவாதமாகத் தொடர வேண்டாம், கிளீனரை ஒரு தரம் உள்ளே விட்டு எடுத்துவிட்டுப் பிடிக்கலாம்.

இந்த "பழக்குவது" என்ற தொல்லையையே நீக்க அமெரிக்காவில் ஒரு கம்பெனி முயன்றது. டாக்டர் கிராபோ என்ற பெயரில், சிகாகோவின் லிங்க்மன் நிறுவனம் தன் பைப்புகளைத் தொழிற்சாலையிலேயே இயந்திரத்தில் பொருத்தி, புகையிலை போட்டுப் புகைத்து முடித்து, பிறகு விற்றது. "முன்பே புகைக்கப்பட்டது" என்பதுதான் விளம்பரமே. டாக்டர் கிராபோ என்று சிகாகோவில் உண்மையிலேயே ஒரு மருத்துவர் இருந்தார், பைப்புக்கு அவருடைய பெயர்தான். சாதாரண உழைப்பாளியும் வாங்கக்கூடிய விலையில், முதல் நாளே கசக்காத பைப் தர வேண்டும் என்று ஒரு தொழிற்சாலை நினைத்திருக்கிறது. எனக்கு அந்த எண்ணத்தின் மேல் மரியாதை உண்டு. வாங்குகிறவரின் பொறுமையைக் கணக்கில் சேர்த்து விலையைக் குறைப்பதைவிட அது நேர்மையானது.

பழக வேண்டியதில் பாதி பைப்பில் இல்லை, பிடிக்கிறவர் கையிலும் மூச்சிலும் இருக்கிறது. புகையிலையைத் தளர்வாகப் போட்டு மேலே மட்டும் கொஞ்சம் இறுக்க வேண்டும். முதல் நெருப்பு வைத்ததும் மேற்பரப்பு பொங்கி எழும், டாம்பர் என்ற அமுக்குக் கருவியால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்தி மறுபடி பற்றவைக்க வேண்டும். கிண்ணம் கன்னத்தில் வைத்தால் பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். பொறுக்காவிட்டால் கீழே வைத்துவிடலாம், அணைந்தால் ஒன்றும் குடிமுழுகாது. என்ன புகையிலை என்பதும் பெரிய விஷயம். பழ வாசனை, வெண்ணிலா வாசனை ஏற்றிய கலவைகளில் ஈரம் காயாமலிருக்க ப்ரொபிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். அது ஆவியாகி நாக்கை வேகவைக்கும். வர்ஜீனியா இலையில் சர்க்கரை அதிகம், சற்று வேகமாக இழுத்தாலும் சுடும். பர்லி இலை சர்க்கரை குறைந்தது, நிதானமாக எரியும், நல்ல படிவும் விடும். பிரின்ஸ் ஆல்பர்ட், கார்ட்டர் ஹால் மாதிரி, அமெரிக்க மருந்துக்கடைகளில் விற்றுவந்த பழைய புகையிலைகள் பர்லியை நம்பியவை. அவற்றை மட்டமாகப் பேசுகிறவர்கள் புதிய பைப் ஒன்றில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். எதுவானாலும் டப்பாவிலிருந்து எடுத்து அரைமணி, ஒருமணி நேரம் தாளில் பரப்பி ஆறவிடுங்கள். கசப்புக்கு அடுத்த எதிரி ஈரம்தான்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. பைப் புகையை உள்ளிழுப்பதில்லை என்பதால் கெடுதல் இல்லை என்று நினைப்பது தவறு. நிகோடின் வாயின் சவ்வு வழியாகவே ஏறும், பழக்கமாகிவிடும். உதடு, வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்கும் பைப்புக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. ஏற்கெனவே பிடிக்கிறவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிடிக்காதவர் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கடையில் எதைப் பார்ப்பது

வாங்கும்போது பார்க்க வேண்டியதில் முதலாவது துளை. தண்டின் வழியாக வரும் துளை கிண்ணத்தின் அடியில், நடுவில் வந்து திறக்க வேண்டும். மேலே திறந்தால் அதற்குக் கீழே உள்ள புகையிலை ஈரமாகி எரியாமல் கிடக்கும். எந்தப் புகழ்பெற்ற பெயராலும் இதை ஈடுகட்ட முடியாது, எந்தப் பழக்கலாலும் சரிசெய்ய முடியாது. பைப் கிளீனர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், தண்டைக் கழற்றாமல் நுழைத்துப் பாருங்கள், தடங்கலில்லாமல் அடிவரை வர வேண்டும். வெறும் பைப்பை வாயில் வைத்து மெதுவாக இழுத்தால் விசில் சத்தம் கேட்கக் கூடாது. தண்டும் கழுத்தும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் அங்கே நீர் தேங்கி, களகளவென்று சத்தம் போடும். அடிச்சுவர் மெல்லியதாக இருக்கக் கூடாது. பைப்பின் எடை நாற்பது, நாற்பத்தைந்து கிராமுக்குள் இருந்தால் பல்லில் கடித்துக்கொள்ளச் சிரமம் இராது. இத்தனையும் சரியாக இருந்து, வெளியே நாலு இடத்தில் பட்டி தெரிந்தால் சந்தோஷமாக வாங்கலாம். பெரிய பட்டறைகளே இப்படித்தான் செய்தன. தேர்வில் கழிந்த கிண்ணங்களை விற்கத்தான் டன்ஹில் 1920களில் பார்க்கர் என்ற தனிப் பெயரைத் தொடங்கியது. துளை அதே கைகள் போட்டது, குறை மரத்தின் மேல்தோலில்.

இந்தக் காரணத்தாலேயே, முப்பது நாற்பது டாலர் கையில் இருக்கிறவர் புது பிரையரைவிடப் பழையதைத் தேடுவது நல்லது என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பழம்பொருள் கடைகளில் கேவூடி, டாக்டர் கிராபோ பைப்புகள் இன்னும் கிடைக்கின்றன. பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம், யாரோ நிதானமாகப் பழக்கி வைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது மத்தியதரைக் கடல் பிரையர் வராமல் நின்றபோது, இங்கே கலிபோர்னியாவின் மான்சனிட்டா முண்டிலும் கிழக்கு மலைகளின் மவுண்டன் லாரல் வேரிலும் பைப் கடைந்தார்கள். அப்படி ஒன்று கையில் அகப்பட்டால் அது வரலாறும்கூட. பழைய பைப்பில் படிவு தடித்திருந்தால் ஒரு நாணயத்தின் தடிமன் மட்டும் மிஞ்சும்படி சுரண்டிவிட வேண்டும். கரியும் மரமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, தடித்த கரி கிண்ணத்தைப் பிளந்துவிடும். பழைய புகையிலை வாடை போக, கிண்ணத்தில் பஞ்சை அடைத்து, சுத்தமான சாராயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வைத்தால் பஞ்சு கறுத்து வரும். உப்பை நிரப்பிச் செய்கிறவர்களும் உண்டு. உப்பு மரத்துக்குள் இறங்கி வெடிப்பு உண்டாக்கும் என்று சிலர் தவிர்க்கிறார்கள், நானும் பஞ்சோடு நிறுத்திக்கொள்கிறேன். தண்டு எபோனைட் ரப்பராக இருந்தால் வெளிச்சம் பட்டுப் பச்சை கலந்த மஞ்சளாகியிருக்கும். அதையும் தண்ணீரில் நனைத்த நைசான உப்புத்தாளாலேயே தேய்த்துக் கறுப்பாக்கிவிடலாம். ஆனால் தண்டைக் கிண்ணத்தோடு பொருத்தி வைத்துக்கொண்டு தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் சேரும் இடத்தின் விளிம்பு உருண்டுபோய் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும்.